வீட்டுக்குள் ஒரு ஸ்டோர்ஸ் டிப்போ

நமது சங்க இதழுக்கு ரயில்வே அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். 38 வருட சர்வீஸில் சொல்ல எவ்வளவோ உண்டு. ஆனால் நான் எழுதப் போவது கறி அரைக்கும் மெஷினைப் பற்றி. சைவ அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். மெஷின் வேறாக இருந்தாலும் வியாதி ஒன்றுதான் என்பதால் அவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

நான் விருதுநகர்க்காரன். மதுரையில் மெக்கானிகல் டிப்ளமோ முடித்து, 1980-ல் ரயில்வேயில் சேர்ந்து, கரக்பூர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். அந்த நாளில் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. எங்கள் ஃபோர்மனும் அவர்களில் ஒருவர். 1982 கிறிஸ்துமஸுக்கு எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். அவர் வீட்டு மேஜை ஓரத்தில் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய வார்ப்பிரும்பு மெஷின் ஒன்று இருந்தது. மேலே கறித் துண்டைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், முன்பக்கத் துளைகள் வழியாக இடியாப்பம் போலக் கொத்துக்கறி வந்து விழுந்தது. அதில்தான் அவர் வீட்டம்மா 'பால் கறி' செய்தார். பசும்பால் அல்ல, பந்து! நம் கோலா உருண்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

1986-ல் ஃபோர்மன் ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். சாமான்களை விற்றபோது அந்த மெஷினை 40 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. வீட்டில் மேஜையே கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த 'வேண்டாம்' 32 வருடம் மனசில் முள்ளாகக் கிடந்தது.

2018-ல் நானும் ஓய்வு பெற்றேன். கடைசி நாளன்று என் பேரில் இருந்த மைக்ரோமீட்டர், வெர்னியர், கேஜ் எல்லாவற்றையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு கேட்டைத் தாண்டினேன். அந்த வெறுங்கைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அடுத்த மாதமே கொல்கத்தாவுக்குப் போய், நியூ மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 10-ஆம் நம்பர் மெஷின் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன்.

"கோலே பஜாரில் கறிக்கடைக்காரரே கீமா போட்டுத் தருகிறாரே, இது எதுக்குங்க?" என்று கேட்டார் என் மனைவி.

"இது நம்ம டிபார்ட்மெண்ட் சாமான்" என்றேன். முழுப் பொய் அல்ல. தண்டவாளத்தில் கையால் ஓட்டும் சிறிய வண்டிக்கு ஐரோப்பாவில் 'டிரெசின்' என்று பெயர். 1817-ல் மிதிகட்டை இல்லாத இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டிய ஜெர்மானியர் கார்ல் டிரைஸ் பெயரால் வந்தது அது. கறி அரைக்கும் மெஷினை உருவாக்கிய பெருமையையும் அவருக்கே தருகிறார்கள். மனைவி இந்தச் சரித்திரத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மெஷின் சமாசாரம் எளிது. உள்ளே ஒரு திருகு தண்டு. அது கறியை முன்னால் தள்ளும். அதன் நுனியில் நான்கு இதழ் கத்தி. அதை ஒட்டித் துளைத் தட்டு. கத்தி சுற்ற, தட்டு நிற்க, இரண்டுக்கும் நடுவே கறி வெட்டுப்படும். மிக்ஸியோ மிக வேகமாகச் சுற்றிக் கறியைச் சூடாக்கிக் கூழாக்கிவிடும். நம்பர் என்பது தட்டின் அளவு. 8-க்குச் சுமார் 62 மில்லிமீட்டர், 10-க்கும் 12-க்கும் 70, 22-க்கு 82. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 8 தாராளம். 22 ஓட்டலுக்கு.

முதல் ஞாயிறே தகராறு. மெஷினின் கவ்வி எங்கள் சமையல் மேடைக் கருங்கல்லைக் கவ்வவில்லை. அதற்காகத் தேக்குப் பலகையில் தனியாக ஒரு மேஜை செய்தேன். அரைத்தால், கறி உதிரியாக விழாமல் பசை மாதிரி வந்தது. தட்டு சரியில்லை என்று 3, 5, 8 மில்லிமீட்டர் துளைகளில் புதுத் தட்டுகள் வாங்கினேன். அப்போதும் பசைதான். கத்தி மழுங்கல் என்று சாணைக்கல் மூன்று. கறியில் எலும்பு என்று ஓர் எலும்பு ரம்பம். கைச்சுற்றில் வேகம் போதவில்லை என்று, 2020-ல் மூடப்பட்ட ஓர் ஓட்டலிலிருந்து 22-ஆம் நம்பர் மோட்டார் மெஷின். அதைச் சுவரோரம் பொருத்த ஹாமர் டிரில். பிறகு டிஜிட்டல் தராசு, வெப்பமானி, சாஸேஜ் குழாய் என்று நீண்டது. சாஸேஜ் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை.

பின்கட்டு அறை நிறைந்து, சாமான்கள் சமையலறைக்குள் வந்தன. "உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்றுதான்" என்று மனைவியிடம் சொல்வேன். அவர் தொட்டால் மட்டும், "அது டெலிகேட், விட்டுடு" என்பேன். தன் அடுப்படியிலேயே அவர் ஒதுங்கி நடக்க வேண்டியிருந்தது.

2022 மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர், "குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லையா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று வருடமாக அவர் என்னிடம் கேட்டுவந்தது அந்தக் கம்பியைத்தான். விலை 480 ரூபாய். பொருத்துவதற்கு அரைமணி நேரம். அதற்கு வேண்டிய டிரில் பெட்டியோடு அலமாரியில் இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே கம்பியைப் பொருத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டைவிடக் கனமாக இருந்தது.

அந்த ஆறு வாரமும் சமையல் என் பொறுப்பு. ஒரு ஞாயிறு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் மெஷினைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பக்கத்தில் வரவிட்டதே அதுதான் முதல் தடவை.

"என்னங்க, கத்தியோட தட்டைப் பக்கம் உள்ளே பார்த்து இருக்கே. அது துளைத் தட்டோட ஒட்டி உரசினாத்தானே கத்திரிக்கோல் மாதிரி வெட்டும்?"

கழற்றித் திருப்பிப் போட்டேன். கறி உதிரி உதிரியாக விழுந்தது. நான்கு வருடமாகக் கத்தியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்! மோட்டார் மெஷினிலும் அப்படியே. தட்டுகள், சாணைக்கல், ரம்பம், மோட்டார் எல்லாம் ஒரு கத்தியைத் திருப்பிப் போடாததற்கு நான் கட்டிய அபராதம். 38 வருடம் மெஷின்களோடு வாழ்ந்தவன் இதை எழுதுவது சுலபமில்லை.

அன்றிரவு ஒரு பழைய நோட்டை எடுத்து, வீட்டில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் செய்தேன். ரயில்வே ஸ்டோர்ஸில் 24 மாதம் வெளியே எடுக்கப்படாத சாமானை உபரி என்பார்கள். அடுத்த இரண்டு வருடத்திலும் தேவைப்படாது என்றால் 'டெட் சர்ப்ளஸ்', செத்த உபரி. என் கணக்கில் 43 உருப்படிகள், மொத்தம் சுமார் 58,000 ரூபாய். அதில் 29 செத்த உபரி. பக்கத்தில் அந்த 480-ஐயும் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

மோட்டார் மெஷினைக் கோலே பஜார் அருகே ரோல் கடை போட்டிருக்கும் ஒரு பையனுக்குக் கொடுத்தேன். மற்றவை சிலது விற்றது, சிலது கேட்டவர்களுக்குப் போனது. கை மெஷின், இரண்டு தட்டு, தராசு, ஒரு சாணைக்கல், டிரில் மட்டும் தங்கின. டிரில்லுக்குத்தான் இப்போது அதிக வேலை. இதுவரை ஏழு வீடுகளில் கம்பி பொருத்தியாயிற்று.

வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு நாலு வார்த்தை. முதலில் கவ்வி உங்கள் மேடையைக் கவ்வுமா என்று அளந்து பாருங்கள். கறியை அரைமணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, நரம்பு நீக்கி, விரல் பருமனுக்கு நறுக்கிப் போடுங்கள். கத்தியின் தட்டைப் பக்கம் துளைத் தட்டைப் பார்க்க வேண்டும். முடிந்தவுடனே கழற்றி, சோப்பும் சுடுதண்ணீரும் கொண்டு கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி சமையல் எண்ணெய் தடவி வையுங்கள். வெள்ளீயப் பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும். அதோடு, மெஷினுக்குக் காசை எடுக்கும் முன், வீட்டில் உள்ளவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது என்ன என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

மனைவிக்கு மணிக்கட்டில் பழைய வலு வரவில்லை. ஞாயிறுகளில் நான் கைப்பிடியைச் சுற்றுகிறேன். அவர் பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு, கசகசா சேர்த்து உருண்டை பிடிக்கிறார்.

போன மாதம் கொல்கத்தாவில் ஒரு கடையில், ஃபோர்மன் வீட்டு மெஷினின் அசல் அச்சு மாதிரி ஒன்று கண்ணில் பட்டது. கால் தானாக நின்றுவிட்டது. மனைவி என் முகத்தைப் பார்த்தார்.

"நோட்டுல இடம் இருக்கா?" என்றார். சிரித்துக்கொண்டே நடந்துவிட்டோம்.