உறுதிமொழி கூறாத உழவர்

தியத்தலாவைப் புகையிரத நிலையத்தில் இறங்கி நிற்பவர் கண்ணுக்குப் புல் போர்த்த குன்றுகளும், அவற்றுக்கப்பால் தேயிலைச் சரிவுகளும் தோன்றும். பதுளை மாவட்டத்துப் படைமுகாம் ஊர் என்றே இதனைப் பலரும் அறிவர். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட உழவர் நூற்றுக்கு மேற்பட்டோர் இம்மண்ணில் துயில்கின்றனர் என்பதை அறிந்தவர் சிலரே.

1899ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயருக்கும் போர் மூண்டது. ‘போயர்’ என்னும் டச்சுச் சொல்லுக்கு உழவன் என்பதே பொருள். டச்சுக்காரரும் ஜேர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அங்குக் குடியேறி, நிலம் திருத்தி, மந்தை மேய்த்து, காலப்போக்கில் ஓரினமாகினர். அவர்கள் வழிவந்தோரே இப்போயர். போரில் பிடிபட்டோரை அவர்தம் மண்ணிலேயே வைத்திருக்க அஞ்சிய ஆங்கில அரசு, அவர்களைத் தொலைதூரத் தீவுகளுக்கு அனுப்பியது. 1900 ஆகஸ்டில் முதற் கூட்டம் கொழும்பில் இறங்கிற்று. சுமார் 5,000 பேர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுக்கென எழுந்த பெருமுகாம் தியத்தலாவையில் இருந்தது. தகரக் கொட்டகைகளும், சுற்றிலும் முட்கம்பி வேலியும், மலைப் பனியுமே அவர்கள் கண்ட இலங்கை. நெருப்புக்காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று.

1902 மே 31ஆம் நாள் சமாதானம் கையெழுத்தாயிற்று. ஆங்கில மன்னருக்குப் பணிவதாக உறுதிமொழி கூறியவர் ஊர் திரும்பலாம் என்றனர். மிகப் பெரும்பாலோர் கூறிக் கப்பலேறினர். ஒரு சிலர் மட்டும் மறுத்தனர். அச்சிலருள் ஒருவர் எங்கல்பிரெக்ட். வாயசைத்துச் சில சொற்கள் சொல்லியிருந்தால் சொந்த மண்ணை மிதித்திருப்பார். அச்சொற்களைச் சொல்ல அவர் மனம் இசையவில்லை.

கைதியுமல்லர், குடிமகனுமல்லர் என்ற நிலையில் அவர் அம்பாந்தோட்டையில் தங்கினார். 1908இல் யாலக் காட்டின் முதற் காவலரானார். ஊவாவின் தென்கோடியில் கதிர்காமத்தைத் தழுவி ஓடும் மாணிக்க கங்கை, அக்காட்டினூடே சென்றுதான் கடலை அடைகிறது. கிழக்குக் கரையோரமாக நடந்து கதிர்காமக் கந்தனைக் காணச் செல்லும் நம் அடியார்கள் கடப்பதும் அக்காட்டையே. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப், 1961இல் வெளியான தம் வாழ்க்கை நூலில் இம்மனிதரை நினைவுகூர்ந்துள்ளார்.

பின்னர் 1914 வந்தது. செப்டெம்பர் 22ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் ஜேர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து மறைந்தது. திறமையும் தந்திரமும் மிக்கவனை ‘எம்டன்’ என்று தமிழ்நாட்டார் சொல்லத் தொடங்கியது அன்றுதொட்டுத்தான். அக்கப்பல் இலங்கைக் கடலில் உலவிய செய்தி பரவியதும், அதற்கு இறைச்சி வழங்கியவர் எங்கல்பிரெக்ட்தான் என்றொரு பேச்சு எழுந்தது. அவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தனர். குற்றம் மெய்ப்பிக்கப்படவேயில்லை. எம்டனோ தான் கைப்பற்றிய கப்பல்களிலிருந்தே நிலக்கரியும் உணவும் பெற்றுவந்தது. ஒரு காட்டுக் காவலரின் தயவு அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஐயம் அவர்மீது விழுந்தது ஏன்? உறுதிமொழி கூறாதவர் என்ற ஒன்றே போதுமானதாயிருந்தது. எந்நாட்டுக்கும் உரியரல்லாதவரை எக்குற்றத்துக்கும் உரியவராக்குதல் எளிது.

1922இல் அவர் அம்பாந்தோட்டையில் காலமானார். பிறந்த நாட்டை அவர் மீண்டும் காணவேயில்லை. அவர் காத்த காடு 1938இல் தேசிய வனமாயிற்று.

இக்கதையை மலைநாட்டுத் தமிழர் ஒருவர் கேட்டால் அவர் நெஞ்சில் என்ன எழும்? போயர்கள் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த அதே நாட்களில், அதே ஊவா மலைகளில், தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள் லயங்களில் வாழ்ந்து கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே பிறந்தனர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. நாடற்றிருந்தோர் குறையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

எங்கல்பிரெக்டிடம் உறுதிமொழி கேட்டனர், அவர் மறுத்தார். அந்த மறுப்புக்கு விலையும் கொடுத்தார். நம் தோட்ட மக்களோ இம்மண்ணுக்குத் தம் உழைப்பையே உறுதிமொழியாகத் தந்திருந்தனர். அதைப் பெற்றுக்கொண்டவர்கள் எழுத்திற் பதியவில்லை. தியத்தலாவையைக் கடக்கும்போது அந்த உழவர்களுக்காக ஒருகணம் தலை தாழ்த்துவோம். அப்போது எதிர்ச் சரிவின் தேயிலைத் தூர்களுக்கடியில், பெயர் பொறித்த கல்லொன்றுமின்றி உறங்கும் நம்மவரையும் நினைத்துக்கொள்வோம்.