நாக்கைக் கறுக்க வைக்கும் செண்டுடுக்: காடு திரும்பும் இடத்தில் முதலில் பூக்கும் செடி

பள்ளிவிட்டு வரும் வழியில் பறித்துத் தின்ற பழமும், வீட்டில் நாக்கை நீட்டச் சொன்னதும் அகப்பட்டுக்கொண்ட ஊதாக் கறையும் தோட்டப்புறத்தில் வளர்ந்த பலருக்கு இன்றும் நினைவிருக்கும். அந்தப் பழம் செண்டுடுக். மெலஸ்டோமா என்ற அதன் அறிவியல் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'கறுத்த வாய்' என்று பொருள். தென்னிந்திய மலைப்பகுதிகளிலும் இதே செடி உண்டு. அங்கே தமிழில் அதன் பெயர் நாக்குக்கறுப்பன். கிரேக்கமும் தமிழும் ஒரே கறையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் 'சிங்கப்பூர் ரோடோடென்ட்ரன்' என்றும் சொல்வார்கள். ஆனால் மலைநாட்டு ரோடோடென்ட்ரனுக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை.

அடர்ந்த காட்டின் நடுவே செண்டுடுக்கைத் தேடினால் கிடைக்காது. அதற்கு வெயில் வேண்டும். பெரிய மரம் விழுந்து வெளிச்சம் இறங்கும் இடம், ஆற்றங்கரை, காட்டின் ஓரம் ஆகியவைதாம் அதன் இயற்கையான வாழிடம். காட்டை அழித்துக் கைவிட்ட நிலத்திலும் அது முந்திக்கொண்டு முளைக்கும்.

சிங்கப்பூரின் கெண்ட் ரிட்ஜ் பூங்கா இதற்கு நல்ல சான்று. 19ஆம் நூற்றாண்டில் சிங்கப்பூரில் கம்பீரும் மிளகும் பெருமளவில் பயிரிடப்பட்டன. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு தேவைப்பட்டதால் சுற்றியிருந்த மரங்களும் அடுப்புக்குப் போயின. மண் சத்திழந்ததும் தோட்டக்காரர்கள் வேறு நிலம் தேடிப் போனார்கள். புளித்துப்போன அத்தகைய மண்ணில் பிறகு எழுந்ததுதான் தியூப்-தியூப் மரமும் சிம்போ ஆயரும் செண்டுடுக்கும் கலந்த பெலுக்கார்.

புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்களை நஞ்சாகத் தாக்கும். பல பயிர்கள் அங்கே தேறாது. செண்டுடுக் அந்த அலுமினியத்தை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. முதிர்ந்து உலர்ந்த இலை ஒரு கிலோவில் 10 கிராமுக்கும் மேல் அலுமினியம் இருக்கக்கூடும்.

பூவும் வியப்புக்குரியதே. ஐந்து ஊதா இதழ்கள். ஒரே நாளில் உதிர்ந்துவிடும். நடுவில் மஞ்சளாகக் குட்டையாக ஐந்து மகரந்தத் தாள்கள், ஊதாவாக நீண்டு வளைந்த ஐந்து தாள்கள். தேன் கிடையாது. மஞ்சள் நிறத்தால் ஈர்க்கப்பட்டு வரும் கருவண்டு, தாளைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் தூள் பறக்கும். மஞ்சள் தாளில் உள்ளது வண்டுக்கு உணவு. நீண்ட தாளிலுள்ளது அதன் உடம்பில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். வெடித்த பழத்தைக் கொத்த வரும் சிறு பறவைகள் விதையைப் பரப்புகின்றன. பறவை வந்தால் மற்ற மரங்களின் விதையும் கூடவே வரும். மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்ததும் செண்டுடுக் ஒதுங்கிவிடுகிறது.

தோட்டங்களில் இதன் பெயர் களை. இளங்கன்றுகளின் உரத்தைப் பங்குபோடுவதால் அதை அப்புறப்படுத்துவதில் நியாயம் உண்டு. அதற்காக மருந்துத் தொட்டியைச் சுமந்தவர்களில் பலர் நம் பெண்கள். அப்படி அடிக்கப்பட்ட பாராகுவாட் மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆனால் ஆற்றோரத்திலும் காட்டு எல்லையிலும் உள்ள செடிகளையும் சேர்த்து அழிப்பதால் செம்பனைக்கு என்ன லாபம் என்பது தெரியவில்லை.

விரட்ட வேண்டிய செடி வேறு. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செண்டுடுக் புலு, பெயரிலும் இலையிலும் இதன் உறவுக்காரன். நிழலையும் தாங்குவதால் காட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் அது பரவியிருக்கிறது. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் அது பரவக் காட்டுப்பன்றிகளும் துணைபோயின. பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைப் பழம் தின்று பெருகிய பன்றிகள் காட்டுமண்ணைக் கிளற, அந்த மண்ணில் புலு வேரூன்றியது.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. புலுவின் பூ சிறியது, வெள்ளை நிறம். தண்டிலும் இலையிலும் நீண்ட முடிகள் நிற்கும். அதன் கருநீலப் பழம் முழு உருண்டையாகவே இருக்கும். செண்டுடுக்கின் பூ ஊதா. பழம் பழுத்தால் தானே வெடித்து உள்ளிருக்கும் கருஞ்சதையைக் காட்டும்.