அண்டை வீட்டாரின் வேதம்

மைசூர்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மண்டியா அரசினர் மகளிர் கல்லூரியில் தத்துவத் துறைத் தலைவராக விளங்கிய பேராசிரியர் கே. எஸ். ராமகிருஷ்ண ராவ், தாம் சாராத இஸ்லாத்தின் நபியைப் பற்றி 1970களின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் இயற்றினார். பிறர் சமயத்தைப் பற்றி எழுதுவது மிக நுட்பமான காரியம் என்று தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஆயினும் அண்டையில் வாழ்வோரின் நெஞ்சை அறிய முயல்வது கடமையென்று துணிந்து மேற்செல்லும் அவருடைய விவேகம் என் பெருமதிப்புக்குரியது. தொழுகையில் அரசனும் ஆண்டியும் தோளோடு தோள் நிற்பதையும், அடிமையாயிருந்த பிலால் தொழுகைக்கு அழைக்கும் பேறு பெற்றதையும், பெண்டிருக்குச் சொத்துரிமை வகுக்கப்பட்டதையும் அவர் மனமுருகி வியக்கிறார். நூல் முழுவதும் புகழுரையாக இருக்கிறதே என்பார்க்கு, அன்பின்றி அணுகுவோர்க்கு எந்தச் சமயமும் தன் உள்ளத்தைத் திறந்து காட்டுவதில்லை என்பதே என் விடை.

எனினும் குர்ஆனையே பயிலப் புகுவோர்க்கு அன்போடு பிரயாசையும் வேண்டும். அதன் 114 அத்தியாயங்கள் அருளப்பட்ட காலவரிசையில் அமைந்தவை அல்ல. ஏழே வசனங்கள் கொண்ட முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை அடுத்து 286 வசனங்கள் கொண்ட நெடிய அத்தியாயம் வருகிறது. நபி தனித்திருந்த ஹிரா குகையில் முதன்முதல் இறங்கிய வசனங்களோ 96ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. இராமாயணம் போல் ஜனனம் முதல் கதை தொடருமென்று எதிர்பார்ப்பவர் இரண்டாம் அத்தியாயத்திலேயே திகைத்துப்போவார். எந்த வசனம் எந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியது என்பதை விளக்கும் தஃப்ஸீரின் துணையின்றி, ஒரு வரியைப் பிய்த்தெடுத்து வழக்காடுவது கல்வியாகாது. உளூ என்னும் நீர்த்தூய்மை செய்த கரங்களால் எடுத்து, ரைஹால் என்னும் மரத்தாலான நூல்தாங்கியின்மேல் விரித்து வைத்து ஓதுவோரின் பக்தியும் அந்த வேதத்தின் வரலாற்றைச் சேர்ந்ததே.

அத்தகைய பிரயாசைக்குச் சான்றாக, பிரம்ம சமாஜம் என்னும் சீர்திருத்த இயக்கத்தவரான கிரீஷ் சந்திர சேன், அதன் தலைவர் கேசவ சந்திர சேனரின் ஆணையைச் சிரமேற்கொண்டு, நாற்பதைக் கடந்த வயதில் அரபு கற்க லக்னோ சென்று, 1881 முதல் 1886 வரை குர்ஆனை வங்கமொழியில் பெயர்த்து வெளியிட்டார். அத்தகைய தவம் எல்லோர்க்கும் இயலாது. தமிழருக்கோ உத்தமபாளையம் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்பு 1949இலேயே முழுமையாகக் கிடைத்துவிட்டது. மைசூரில் வாழும் தமிழன்பர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, ஐயம் தோன்றும் இடங்களைக் குறித்துவைத்து, அந்நகரின் மண்டி மொஹல்லாவில் மார்க்க அறிஞரான ஓர் ஆலிமை அணுகிக் கேட்கத் தொடங்கலாம்.