வளைகுடா செல்வோர் அறிய வேண்டிய சட்டங்கள்

சின்னாளப்பட்டித் தறியையும் ஒட்டன்சத்திரத் தோட்டத்தையும் விட்டு வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்வோர் நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் உளர். நகையை அடகு வைக்குமுன் சட்டத்தை அறிதல் நலம்.

பத்தாம் வகுப்புத் தேறாதோர், 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற்றே அங்கு வேலைக்குச் செல்லுதல் வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டு ரூ.30,000-மும் அதற்குரிய வரியுமே வாங்கலாம். கொடுத்த தொகைக்கு இரசீது பெறுக. சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் நேரும். கூலி பாக்கியைக் கேட்பதும் அரிதாகும்.

ஐக்கிய அரபு நாட்டில் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டப்படி, முதலாளி தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்தல் கூடாது. பணமின்றிச் செக்கு திரும்பினால் சிறை என்ற நிலையும் அவ்வருட ஜனவரியில் பெரிதும் மாறிற்று. ஆயினும் கடன் தீராதவர் ஊர் திரும்பாதபடி நீதிமன்றம் தடை விதிக்கக் கூடும்.

நம் குழம்பில் சேரும் கசகசா அங்கே தடை செய்யப்பட்ட போதைப் பொருள். ஆகையால் பிறர் தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் ஏற்க வேண்டாம்.

ஒப்பந்தத்தின் நகலொன்று வீட்டிலிருக்கட்டும். பேசிய சம்பளம் வேறு, கொடுத்தது வேறு என்று வழக்கு எழுமாயின், அதுவே சாட்சி.