பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

ரயில்வேயில் அப்ரெண்டிஸாகச் சேரும் பையனுக்கு ஸ்டைபண்ட் உண்டு என்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். தொகை பெரிதல்ல. ஆனாலும் பையனை ஒர்க்‌ஷாப்பை விட்டு ஓடாமல் நிறுத்தி வைப்பது அதுதான். தேவாலயத்தில் பாடவும் வாசிக்கவும் ஆள் பழக்குவதற்கும் இதே போன்ற ஏற்பாடு பல இடங்களில் இருந்திருக்கிறது.

நமக்கு அடுத்த கோவாவையே எடுத்துக்கொள்வோம். போர்ச்சுகீசியர் காலத்தில் அங்கே பங்குக் கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமும் இருக்கும். 'மெஸ்த்ரே' எனப்பட்ட பாட்டு வாத்தியாருக்குக் கோயிலே சம்பளம் கொடுத்தது. முதலில் ஸ்வரம் பாடப் பழக்குவார், நம் சரளி வரிசை மாதிரி. பிறகு நொட்டேஷன், வயலின். நோக்கமெல்லாம் ஞாயிறு பூசைக்கு ஒரு பாடகர் குழு வேண்டும் என்பதுதான். ஆனால் அந்தப் பையன்கள் பிழைப்புத் தேடி பம்பாய் வந்தபோது, ஹோட்டல் பாண்டிலும் சினிமா ஸ்டூடியோவிலும் வேலை காத்திருந்தது. இசையமைப்பாளர் பாடிக் காட்டிய மெட்டைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்துக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. சங்கர்-ஜெய்கிஷனுக்கு அந்த வேலையைச் செய்த செபாஸ்டியன் டிசோசா கோவாக்காரர். மஜோர்டா கிராமத்து அந்தோணி கோன்சால்வஸ் (1927–2012) கோயில் பாட்டு வாத்தியாரின் மகன். அவரிடம் வயலின் கற்ற பியாரேலால்தான் 1977-இல் 'அமர் அக்பர் அந்தோணி' படத்துப் பாட்டில் குருவின் பெயரை வைத்தவர். கோயில் காசு சினிமாவுக்குப் போய்விட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் இந்த உதவி பெரும்பாலும் தனி மனிதர்களிடமிருந்தே வந்தது. வேதநாயகம் சாஸ்திரியாரைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தவர் சுவார்ட்ஸ் ஐயர். பின்னாளில் அவரை ஆதரித்தவர் சரபோஜி மன்னர். ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவத்தில் சம்பாதித்த பணத்தைக் கொண்டு 1912 முதல் தஞ்சையில் இசை மாநாடுகள் கூட்டினார். நிறுவனமாக நிலைத்ததற்குத் திருச்சிக் கலைக்காவிரியைச் சொல்லலாம். 1977-இல் பாதிரியார் எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கியது.

இங்கிலாந்தில் வேறு முறை. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் 'ஆர்கன் ஸ்காலர்' என்று ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுதோறும் ஒரு தொகை தருவார்கள். பதிலுக்கு அவர் படித்துக்கொண்டே கல்லூரிச் சிற்றாலயத்தில் வாசிக்க வேண்டும். நம் ரயில்வே பாண்ட் மாதிரிதான்!

உதவித் தொகையை வாத்தியாருக்குக் கொடுக்கலாம், மாணவனுக்குக் கொடுக்கலாம், வாத்தியம் வாங்கவும் கொடுக்கலாம். நன்கொடையாளர்களுக்குப் பிடித்தது மூன்றாவது. கீபோர்டில் உபயதாரர் பெயரை ஒட்டலாம் அல்லவா! வாத்தியாரின் மாதச் சம்பளத்தில் பெயர் ஒட்ட இடமில்லை. ஆனால் பலன் தருவது அதுதான். வாசிக்க ஆளில்லாத கீபோர்டு துணி போர்த்தி மூலையில் கிடக்கும். அல்லது பித்தானை அழுத்தினால் வரும் தாளத்துக்கே எல்லாக் கீர்த்தனையும் ஓடும்.

வடாலா, தாராவி, செம்பூர்ப் பக்கத்துத் தமிழ்ச் சபைகளில் பழைய கீர்த்தனைகளை ராகம் பிசகாமல் பாடுகிறவர்கள் வயதானவர்கள். ஒவ்வொரு சபைக்கும் தனி வாத்தியார் கட்டுப்படியாகாது. நாலைந்து சபைகள் சேர்ந்து ஒருவரை வைத்தால் முடியும். வாரம் இரண்டு மாலை, இரண்டு வருடம். பரீட்சைக் கட்டணம் சபையுடையது. கற்ற பிள்ளை ஒரு வருடமாவது ஞாயிறுதோறும் வாசிக்க வேண்டும் என்று நிபந்தனை. முதல் வேலையாக, அந்தப் பெரியவர்கள் பாடுவதை உட்கார்ந்து ஸ்வரப்படுத்தி எழுதச் சொல்ல வேண்டும்.