கட்டிலருகே ஒரு குரல்

மாலை, பார்வையாளர் நேரம். காலில் ஆறாத புண்ணுடன் சேர்க்கப்பட்டிருக்கும் சர்க்கரை நோயாளி ஒருவரின் கட்டிலைச் சுற்றி உறவினர் ஐந்தாறு பேர் நிற்கின்றனர். இன்சுலின் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் காலையில் கூறியிருந்தார், நோயாளியும் சம்மதித்திருந்தார். “இன்சுலினா? ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் விடாது, மச்சான்” என்கிறார் ஒருவர். “எங்க பெரியப்பாவுக்கு அதைப் போட்டுத்தான் கிட்னி போச்சு” என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் பாகற்காய்ச் சாற்றின் பெருமையை எடுத்துரைக்கிறார். பக்கத்துக் கட்டில்காரரும் தலையசைக்கிறார். எல்லோரும் சென்றபின் நோயாளி செவிலியரை அழைக்கிறார்: “ஊசி வேண்டாம் சிஸ்டர். மாத்திரையே போதும்.”

இது குறிப்பிட்ட ஒருவரின் கதையன்று. வார்டுகளில் நாங்கள் மீண்டும் மீண்டும் காணும் காட்சி.

வந்த உறவினர் எவரும் தீங்கு நினைத்தவரல்லர். ஆனால் அவர்கள் கூறியது சரியன்று. சிறுநீரகத்தைக் கெடுப்பது இன்சுலின் அன்று. நெடுங்காலம் கட்டுக்குள் வராத சர்க்கரையே. பலருக்கு நோய் முற்றிய பிறகே ஊசி தொடங்கப்படுவதால், பழி ஊசியின்மேல் விழுகிறது. புண் ஆறும்வரை மட்டும் இன்சுலின் தேவைப்படுவோரும் உண்டு. காலையில் சம்மதித்தவர் மாலையில் மறுத்தது புதிய உண்மை எதையும் அறிந்ததால் அன்று. சுற்றி நின்றோர் அனைவரும் ஒரே குரலில் பேசியதால்தான். அதற்கான விலையை அவருடைய கால் கொடுக்க நேரலாம்.

இதை மனவுறுதிக் குறைவு என்று நாம் எண்ணிவிடக் கூடாது. 1950களில் அமெரிக்க உளவியலறிஞர் சாலமன் ஆஷ் நடத்திய எளிய சோதனை ஒன்று இதனை விளக்கும். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். முதற்கோட்டுக்குச் சமமானது எது என்று உரக்கச் சொல்ல வேண்டும். தனியே பதில் சொன்னவர்கள் நூற்றில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. பின்னர் ஒருவரைக் குழுவில் அமர்த்தினார்கள். குழுவிலிருந்த மற்ற அனைவரும், அவர் அறியாதபடி, முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான விடையைக் கூறினார்கள். அவ்வாறு அமர்த்தப்பட்டவர்கள் கூறிய விடைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறாயின. ஒருமுறைகூடப் பிறருக்கு இணங்காதவர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே.

கண்ணெதிரே தெரியும் கோட்டிலேயே இப்படியென்றால், வலியும் அச்சமும் உறக்கமின்மையும் சூழ்ந்த நோயாளி பலர் சொல்லுக்கு இணங்குவதில் வியப்பென்ன?

ஆயினும் அச்சோதனையில் நம்பிக்கை தரும் பகுதி ஒன்றும் உண்டு. குழுவில் ஒரே ஒருவர் உண்மையான விடையைச் சொன்னபோது, தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. அவர் இடையில் எழுந்து சென்ற பிறகும் அவர் தந்த துணிவு முற்றிலும் மறையவில்லை. ஆனால், அவரே பின்னர் பெரும்பான்மையோருடன் சேர்ந்துகொண்டபோது தவறுகள் மீண்டும் பெருகின.

உடனிருந்து பராமரிப்போரே, அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம். வருவோருடன் வாதிட வேண்டியதில்லை. “நீங்கள் சொன்னதைக் காலையில் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்கிறோம், மாமா” என்ற ஒரு சொல் போதும். அது எவர் மனத்தையும் புண்படுத்தாது. நோயாளிக்கோ, தாம் தனியரல்லர் என்ற தெம்பைத் தரும். கேட்ட செய்தியை ஒரு தாளில் குறித்துவைத்து, மருத்துவர் வரும்போது மறவாமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். மருத்துவரும் செவிலியரும் மாணவருமாகக் கட்டிலைச் சூழ்ந்து நிற்கும்போது நாங்களும் ஒரு கூட்டமே. “புரிந்ததா?” என்று நாங்கள் கேட்க, புரியாமலேயே தலையசைப்பவர் பலர். அப்போதும் ஒரு குரல் தேவை. “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, நோயாளியின் உரிமை. அவர் தயங்கினால் அவருக்காக நீங்கள் கேளுங்கள்.

பிறர் சொல்லுக்கு முற்றிலும் செவிமூடி வாழ நம்மால் இயலாது, வாழவும் வேண்டியதில்லை. புகையை விட்டவரின் அனுபவமும், புண் ஆறி நடந்து சென்றவரின் சொல்லும் வேறெதையும்விட மனத்தைத் தேற்றும். பலர் சொல்வதைக் கேட்போம். சிகிச்சையை மாற்றும் முன் ஓரிரவு பொறுத்து மருத்துவரைக் கேட்போம். காட்சியில் கண்ட அந்த நோயாளியிடமும் மறுநாள் காலை ஒருவர் அமர்ந்து நிதானமாகப் பேசினால், முடிவு பெரும்பாலும் மாறிவிடுகிறது. முந்திய மாலையிலேயே அவ்வொருவர் அருகில் இருந்திருந்தால், ஒரு வேளை மருந்தும் தவறியிராது.