பழுதறிதலும் பழுதுநீக்கலும்

தில்லியின் கரோல் பாக் பகுதியிலுள்ள பழுதுநீக்கும் கடைகளில் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றின் பிறப்பிடம் சென்னை. 1955ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் அமைந்த அதன் தொழிற்சாலையிலிருந்து புல்லட்டுகள் நாட்டின் எல்லாத் திசைகளுக்கும் சென்றன. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அவ்வண்டிகளுள் பல இன்றும் ஓடுகின்றன. ஆயினும், ஆண்டுகள் பல கடந்த எஞ்சினில் அமுக்கம் குறைவது இயல்பு. அக்குறையை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு நீக்குவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அமுக்கம் என்பது யாது?

350 புல்லட் சிலிண்டரின் உள்விட்டம் 70 மி.மீ.; அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 90 மி.மீ. எனவே, பிஸ்டன் ஒருமுறை கடக்கும் கொள்ளளவு ஏறத்தாழ 346 கன செ.மீ. ஆகும். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் மேலேறும்போது வால்வுகள் மூடிக்கொள்ள, அக்கலவை சிறிய இடத்தில் அமுக்கப்படுகிறது. நன்கு அமுக்கப்பட்ட கலவையில் தீப்பொறி பட்டால்தான் முழு ஆற்றல் வெளிப்படும்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்தினால், அது எதிர்த்து நிற்கும். விரலைச் சற்றே விலக்கினால் கைப்பிடி எளிதில் இறங்கிவிடும். எஞ்சினிலும் அவ்வாறே. பிஸ்டன் வளையங்கள், வால்வுகள், சிலிண்டரும் அதன் தலைப்பகுதியும் இணையும் இடம் ஆகியவற்றுள் எங்கேனும் சிறு இடைவெளி ஏற்பட்டாலும் அமுக்கம் குறைந்துவிடும்.

அறிகுறிகள்

அமுக்கம் குறைந்த வண்டியில் கிக்கரை மிதித்தால், அது தடையின்றிக் கீழிறங்கும். எஞ்சின் எளிதில் உயிர்பெறாது. மேட்டில் ஏறும்போது தளரும். வளையங்கள் தேய்ந்திருந்தால் சைலன்சரிலிருந்து நீலநிறப் புகையும் வரக்கூடும். எனினும், எஞ்சின் எளிதில் உயிர்பெறாமைக்குக் கார்புரேட்டரோ தீப்பொறியோ காரணமாகவும் இருக்கலாம். எனவே, அறிகுறியை மட்டும் கொண்டு முடிவுக்கு வருதல் கூடாது.

இதில் அவசரம் ஏன் தவறு? தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்ய அதன் உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவர். மெக்கானிக்குகள் இதனை ‘ரீபோர்’ என்பர். ஒரு சிலிண்டரைச் சில முறைகளே இவ்வாறு கடைய இயலும். கடைந்தெடுத்த இரும்பு மீண்டும் வாராது. தேவையின்றி ஒருமுறை கடைந்தால், வண்டி உரிமையாளரின் பணம் மட்டுமன்று, எஞ்சினின் ஆயுளிலும் ஒரு பகுதி வீணாகும்.

எளியதிலிருந்து அரியதற்கு

தேர்ந்த மெக்கானிக் எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் எளிய காரணங்களை முதலில் ஆராய்வார். பழைய புல்லட்டில் ‘டீகம்ப்ரஸர்’ என்னும் சிறு நெம்புகோல் உண்டு. கிக்கரை மிதிப்பது எளிதாகும் பொருட்டு, சிலிண்டரின் அழுத்தத்தைச் சிறிது வெளியேற்ற அது உதவுகிறது. அதன் கேபிள் மிகுதியாக இறுகியிருந்தால், அழுத்தம் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். கேபிளைச் சற்றுத் தளர்த்துவதே அதற்குரிய தீர்வு, செலவு ஏதுமில்லை.

அடுத்து, வால்வுகளை இயக்கும் தள்ளுதண்டுகளை ஆராய்வார். எஞ்சின் குளிர்ந்திருக்க, இரு வால்வுகளும் மூடிய நிலையில், தண்டை விரல்களால் தடையின்றிச் சுழற்ற இயலவேண்டும். அது மேலும் கீழும் ஆடக்கூடாது. தண்டு இறுகியிருந்தால் வால்வு முழுமையாக மூடாது.

இவை சரியாக இருந்தும் குறை நீங்காவிடில், அமுக்கமானி கொண்டு அளப்பார். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் கருவியைப் பொருத்துவார். தீப்பொறி வராதவாறு செய்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் திருகி, முள் மேலும் உயராத வரை கிக்கரைப் பலமுறை மிதிப்பார்.

பின்னர் ஒரு தேக்கரண்டி எண்ணெயை அத்துளை வழியே ஊற்றி மீண்டும் அளப்பார். எண்ணெய், வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள வழியைச் சிறிது நேரம் அடைக்கும். இம்முறை அளவு தெளிவாக உயர்ந்தால், வளையங்களோ சிலிண்டரோ தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். உயராவிடில், வால்வுகளிலோ தலைப்பகுதி இணைப்பிலோ கசிவு இருக்கலாம். இணைப்பின்மீது சோப்பு நீரைத் தடவி எஞ்சினைச் சுழற்றினால், கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும்.

பழுதுநீக்கும் முறை

வால்வில் குறையிருப்பின், தலைப்பகுதியைக் கழற்றி, வால்வும் அது அமரும் விளிம்பும் இடைவெளியின்றிப் பொருந்துமாறு தேய்ப்புப் பசையிட்டுத் தேய்ப்பர். பின்பு வால்வின் பின்புறத் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி, அது ஒழுகாமல் நிற்கிறதா என்று சோதிப்பர்.

வளையத்தில் ஐயமிருப்பின், அதனைச் சிலிண்டருள் வைத்து இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளப்பர். உள்விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. 70 மி.மீ. சிலிண்டருக்கு இது 0.28 மி.மீ. ஆகும். இடைவெளி இதனினும் மிகப் பெரிதாக இருந்தால் வளையம் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கும். சிலிண்டரின் விட்டத்தை அளந்து, அது சீராக இருந்தால் புதிய வளையங்களே போதும். சுவர் மிகுதியாகத் தேய்ந்தோ கீறல் விழுந்தோ இருந்தால் மட்டுமே கடைந்து, அதற்கேற்ற சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். அதன்பின் சில நூறு கிலோமீட்டர் வரை வண்டியை விரைந்து ஓட்டாமல், புதிய உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த விடவேண்டும்.

தூசி புகாத காற்று வடிகட்டியும் உரிய காலத்தில் மாற்றப்படும் எண்ணெயும் தேய்மானத்தைக் குறைக்கும். இருப்பினும் குறை நேர்ந்தால், ஒவ்வொரு சோதனையும் ஒரு காரணத்தை விலக்கி உண்மைக் காரணத்தை நெருங்கச் செய்கிறது. இறுகிய கேபிள் ஒன்றைத் தளர்த்தினாலே தீரும் குறைக்குச் சிலிண்டரைக் கடையாமல் காப்பது அந்தப் பொறுமையே ஆகும்.

சிந்தித்து விடை எழுதுக

1. எண்ணெய் ஊற்றிய பின்னும் அமுக்கம் உயராவிடில், எவ்வுறுப்புகளை ஆராயவேண்டும்? ஏன்?
2. உள்விட்டம் 50 மி.மீ. உள்ள சிலிண்டருக்கு வளைய இடைவெளி எவ்வளவு என்று கணக்கிடுக.
3. ‘முதலில் சோதனை, பிறகே பழுதுநீக்கம்’ என்பதை வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.